கணக்கில் ஒருவர் கூடுதல்

மதிப்புக்குரிய பெரிய மச்சான் லூக்கா அவர்களுக்கு,

நாமிகோங்கா சிறைப் பண்ணையிலிருந்து தங்கள் தங்கை கணவன் வைசன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் பலேசியும் பிள்ளைகளும் நலம். அங்கு தாங்களும் அக்காவும், தங்கள் சோள மில்லும் அதன் பெல்ட்டும் ஒரு குறையுமின்றி இருக்கக் கர்த்தர் அருள்வாராக.

எங்கள் கல்யாணத்துக்குப் பொறுப்பேற்றவர் என்ற முறையில், "இவன் பெண்டாட்டியைக் கட்டியிருக்கிறானா, ஜெயிலைக் கட்டியிருக்கிறானா" என்று விசாரிக்கத் தாங்கள் என்னை வியாழக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லியிருந்தீர்கள். நான் வரவில்லை. வேண்டுமென்று அல்ல. தாங்கள் நியாயமானவர். முழுதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

வெளிவேலைக்குக் கைதிகளைக் கூட்டிப்போனால் இரண்டு காவலர் போக வேண்டும் என்பது சட்டம். வியாழக்கிழமை காலை ஷிப்டில் இரண்டு பேர் கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள், ஒருவர் சபைப் பாடகர் குழுவோடு போய்விட்டார், இன்னொருவருக்கு மாமா இறந்துவிட்டார். அதே மாமா போன மழைக்காலத்திலும் இறந்தார், யாரும் கேட்பதில்லை. மிஞ்சியது நான். எங்கள் அதிகாரி மேடம் சிசாலே பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "போய்ட்டு வா வைசன், மத்தியானம் ஆள் அனுப்புறேன்"னு சொன்னார். பன்னிரண்டு கைதிகள், பன்னிரண்டு மண்வெட்டி, என்னிடம் ஒரு பழைய துப்பாக்கி. ஆற்றோரச் சோளக்காட்டில் களையெடுப்பு. மத்தியானம் ஆள் வரவில்லை என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

அப்போதுதான் தலையில் மாவுப் பாத்திரத்தோடு ரோட்டில் போன ஒரு அம்மா நின்று, காட்டைப் பார்த்துக் கத்தினாள். "டேய் பின்வெல்! நீயாடா அது? உங்கப்பா போயிட்டாருடா! நேத்தே போயிட்டாரு!"

பின்வெல் ஆடு திருடி உள்ளே வந்தவன். நல்ல வேலைக்காரன், வாயாடி. மண்வெட்டியைக் கீழே போடாமல் அப்படியே நின்றான்.

"எப்ப எடுக்கறாங்க அத்தை?"

"எங்கடா எடுக்கறது? இன்னும் குழியே வெட்டலை. குழிவெட்டுற ஆளுங்க வரமாட்டேங்கறாங்க. நீ தின்னது அவங்க தலைவரு ஆட்டையில்ல!"

இப்ப நீங்களே சொல்லுங்க மச்சான். ஊர் அந்த மேட்டுக்கு அப்பாலதான் இருக்கு, புகைகூடத் தெரியுது. பின்வெல் என்கிட்ட வந்து, "சார், ஒரு ஓட்டம் போய்ட்டு வந்துடறேன்"னான். தனியா அனுப்பினா அவன் திரும்பி வந்தாலும் என் வேலை போச்சு. நான் கூடப் போனா இங்க இருக்கற பதினோரு பேரை யார் பாக்கறது? போகாதேன்னு சொன்னா... அதையும் சொல்லிப் பாத்தேன். அவன் "சரி சார்"னுட்டு திரும்பக் களையெடுக்க ஆரம்பிச்சான். களையை விட்டுட்டுச் சோளத்தை வெட்டிக்கிட்டே போனான். ஒரு வரிசை முழுக்க நல்ல பயிர் சாஞ்சது. மத்தவங்க யாரும் அவனைத் தடுக்கல, என்னையும் பாக்கல. எங்கப்பா போனப்ப எனக்கு லீவு கிடைச்சுது. கேட்டேன், கொடுத்தாங்க, அவ்வளவுதான். அது அவ்வளவு பெரிய விஷயம்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அரசாங்கச் சோளம் வீணாகறதை நிறுத்தறதும் என் கடமைதானே மச்சான்? "எல்லாரும் வரிசையா நில்லுங்க, மண்வெட்டியைத் தோள்ல போடுங்க"ன்னேன். பன்னிரண்டு பேரையும் சாவு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன்.

எங்க வரிசையைப் பாத்துப் பாதி ஊர் பயந்துட்டுது. அப்புறம் யாரோ "பின்வெல் வந்துட்டான்"னாங்க, பொம்பளைங்க ஓலம் வானத்துக்குப் போச்சு. ஒரு பெரியம்மா என் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கி, "பொணத்துக்கு முன்னாடி இதெல்லாம் எதுக்குப்பா"ன்னு கொண்டுபோய் மாமரத்தடியில செருப்புங்களோட சேத்து வச்சா. கொடுக்கமாட்டேன்னு சொல்ற எடமா அது?

இடுகாட்டுல குழிக்குள்ள ரெண்டு பேருக்குத்தான் எடம். நான் முறை போட்டேன், ரெண்டு பேர் வெட்டட்டும், ரெண்டு பேர் மண்ணைத் தள்ளட்டும், மத்தவங்க நிழல்ல இருக்கட்டும்னு. சண்டையில்லாம ஒரு ஷிப்ட் ஓடினதை என் சர்வீஸ்லயே அன்னிக்குத்தான் பாத்தேன். யாருக்கும் சபைக் கூட்டமில்ல, யாருக்கும் மாமா சாகல. பின்வெல் மட்டும் முறை முடிஞ்சும் ஏறல. "என்னைக் கூப்பிடாதீங்க சார். கூடப் பிறந்தவங்க இல்ல, நான் ஒருத்தன்தான்." அப்புறம் அவனை யாரும் கூப்பிடல. பாதி வேலையாகறப்ப அந்த ஆட்டுக்காரர் வந்தார். கரையில நின்னு பாத்தார். சட்டையைக் கழட்டினார். "ஓரம் கோணலா போகுது, தள்ளுடா திருட்டுப்பயலே"ன்னுட்டு உள்ள இறங்கினார். ரெண்டு பேரும் தோளோட தோள் இடிச்சுக்கிட்டு வெட்டினாங்க. எனக்குக் கண்ணுல தூசி விழுந்துட்டுது மச்சான்.

அடக்கம் முடிஞ்சு அவங்க போட்ட களியும் பீன்ஸும் சாப்பிட்டு, துப்பாக்கியைத் தேடி எடுத்துக்கிட்டு, ஜெபப் பாட்டுப் பாடிக்கிட்டே தூறல்ல திரும்பினோம். அதுவரைக்கும் எல்லாம் நல்லபடி. கேட்ல லாமெக். உங்களுக்குத் தெரியும், முகத்தைப் பாக்காம தலையைத் தட்டி எண்ணறவன். உக்கார வச்சு எண்ணினான். பதிமூணு. திரும்ப எண்ணினான். பதிமூணு. கணக்குச் சரியாகாம ஷிப்ட் மாறாது. வீட்டுக்குப் போகவேண்டிய ஷிப்டும், வேலைக்கு வந்த ஷிப்டும், எல்லாரும் மழையில நிக்கறாங்க. மேடம் குடையோட வந்தாங்க.

"ஒருத்தன் குறைஞ்சா தேடலாம். ஒருத்தன் கூடினா யாரைய்யா தேடறது?"

நானே போய் முகம் முகமாப் பாத்தேன். கடைசி வரிசையில, அடக்கத்துல ஜெபம் பண்ணின சபைப் பெரியவர் எலியாசா உக்காந்திருக்கார்! எங்க கைதிங்களுக்கும் வெள்ளை உடுப்பு, அவர் சபைக்கும் வெள்ளை அங்கி. சேறுன்னு அங்கியை இடுப்புல சொருகிட்டு, கண்ணை மூடிப் பாடிக்கிட்டே எங்களோட நடந்து, உக்காருன்னதும் உக்காந்துட்டார். ஜெபத்துக்குன்னு நினைச்சாராம். "ஆமென் சொல்லியாச்சா?"ன்னு கேட்டார்.

அப்புறம் எல்லாம் வெளியே வந்துட்டுது. மேடம் என்னைத் திட்டுவாங்கன்னு பாத்தேன். "குழி ஆழமா வெட்டினீங்களா?"ன்னு மட்டும் கேட்டாங்க. வெட்டினோம் மேடம்னேன். "நாளையிலிருந்து நீ காவல் கோபுரம். கைதிங்க பக்கம் போகக்கூடாது"ன்னுட்டுப் போயிட்டாங்க. பெரியவரை வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வந்தப்ப உங்க பஞ்சாயத்து முடிஞ்சிருந்தது.

ஆகவே மச்சான் அவர்களே, காவல் கோபுரத்தின் மேல் உட்கார்ந்து நன்றாக யோசித்துவிட்டேன். மனிதனை எண்ணுகிற வேலை எனக்குப் போதும். ராஜினாமா எழுதிவிட்டேன். தாங்கள் சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்பி வந்து மில்லைப் பார்த்துக்கொள்கிறேன். பலேசி இப்போதே பாத்திரங்களை மூட்டை கட்டுகிறாள், பாடிக்கொண்டே கட்டுகிறாள். அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு என் முத்தம், தங்கள் கைராசி மேலும் பெருகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல் தட்டாத
வைசன்

பின்குறிப்பு: ராஜினாமாவைக் கொடுக்கப் போனேன் மச்சான். மேடம் அதை வாங்காம ஷிப்ட் பட்டியலை என் கையில திணிச்சுட்டாங்க. "இனி நீ போடு. இந்த ஆளுங்களை வச்சுக்கிட்டு நான் படற பாடு உனக்கும் தெரியட்டும்." சும்மா போட்டுப் பாப்போமேன்னு உக்காந்தேன். முதல்ல சோளக்காட்டுக்கு ரெண்டு காவலர்னு எழுதினேன். பாத்தா, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஆள் குறையுது. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டு என் பேரையே எழுதிட்டேன். அதுக்கடுத்த ஞாயிறும். மில்லுக்கு வேற ஆள் பாத்துக்கோங்க. பலேசி இன்னும் மூட்டை கட்டிக்கிட்டுத்தான் இருக்கா. அவகிட்ட நீங்களே போன்ல சொல்லிடுங்க, உங்களைன்னா அவ திட்டமாட்டா.