மொரீஷியஸைக் காலி செய்தவன்

தெரியாத விஷயத்தில் நான் இதுவரை மாட்டிக்கொண்டதே இல்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். தெரிந்த விஷயத்தில்தான் மாட்டுவேன்.

எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஆள் மாற்றுவது. ஹூஸ்டனில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில், நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் ரிக்குகளுக்கு ஆள் அனுப்பும் அட்டவணை போடுவது என் வேலை. மூன்று வாரம் வேலை பார்த்தவர்களை இறக்கிவிட்டுப் புது ஆட்களை ஏற்ற வேண்டும். ஒன்பது வருடத்தில் ஒரு தப்பு வந்ததில்லை. (இதை நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.)

என் மேனேஜர் கிரெக்குக்குப் பழைய போர்களை விளையாடிப் பார்க்கும் பைத்தியம். சனிக்கிழமைகளில் கேட்டி என்ற புறநகரில் அவர் வீட்டு கராஜில் எட்டுப் பேர் கூடுவார்கள். பிங்பாங் மேஜை முழுக்க ஒரு வரைபடம் விரித்திருக்கும். ஒருநாள் என்னிடம் வந்து, "இந்த வாரம் பாய்மரக் கப்பல் காலம். மொரீஷியஸ் பிரிட்டிஷ் காலனி. அங்கே இருக்கிற படையோட தவணை முடிஞ்சுபோச்சு, லண்டன்ல இருந்து மாத்துப் படை அனுப்பணும். நீ வர்றியா?" என்றார்.

என் கிரீன் கார்டுக்கான கடிதம் அவர் மேஜையில் ஒரு மாதமாகக் கையெழுத்துக்குக் காத்திருந்தது. நான் வரமாட்டேன் என்றா சொல்வேன்?

"இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு, கிரெக்" என்று வேறு சொல்லி வைத்தேன்.

எனக்கு லண்டன் யுத்த அலுவலகம். இடம், கராஜின் கோடியில் வாஷிங் மெஷின் பக்கத்தில். கிரெக்தான் மொரீஷியஸ் கவர்னர். பக்கத்துத் தீவில் பிரெஞ்சுப் படை, அதற்குத் தலைவர் நீல் என்ற அமைதியான பல் டாக்டர். நடுவர், ஓய்வுபெற்ற சரித்திர டீச்சர் ஹெலன். அரை மணி நேரம் ஒரு மாதம் என்று கணக்கு. லண்டனும் மொரீஷியஸும் பேசிக்கொள்ளக் கூடாது. கடிதம்தான் எழுத வேண்டும். அது போய்ச் சேர மூன்று மாதம், அதாவது ஒன்றரை மணி நேரம். வந்த உத்தரவுக்குக் கவர்னர் கீழ்ப்படிந்தே தீர வேண்டும்.

ஜனவரியிலேயே உத்தரவு எழுதிவிட்டேன். 'மே ஒன்றாம் தேதி பழைய படை முழுவதும் கப்பல் ஏறவும்.' கடிதம் போக மூன்று மாதம் ஆகும் என்பதை யோசித்து முன்கூட்டியே அனுப்பியதில் எனக்கு ஒரே பெருமை. அடுத்து என் தாளில் எழுதினேன்: 'மே ஒன்றாம் தேதி புதுப் படை லண்டனில் கப்பல் ஏறவும்.' ரிக்கில் இப்படித்தான். ஹெலிகாப்டர் நாற்பது நிமிஷத்தில் போய்விடும். கிளம்புகிற நாளும் சேர்கிற நாளும் ஒன்றுதான்.

ஹெலன் என் கடிதத்தையும் தாளையும் வாங்கிப் படித்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "நிச்சயமா?" என்றார்.

"நிச்சயமா" என்றேன்.

மார்ச் மாதம், அதாவது பகல் பன்னிரண்டு மணிக்கு, எல்லோருக்கும் எலுமிச்சை சாதம் எடுத்துக்கொண்டு என் மனைவி வித்யா வந்தாள். பாத்திரத்தை வாஷிங் மெஷின் மேல் வைத்துவிட்டு என் தாளை எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இங்கிருந்து போறவங்க எப்போ போய்ச் சேருவாங்க?"

"ஆகஸ்ட்."

"அங்கிருக்கிறவங்க எப்போ கிளம்புறாங்க?"

"மே."

அவள் தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள். "எங்கம்மா கோயமுத்தூர்ல ஃபிளைட் ஏறுற அன்னிக்கே உங்கம்மாவை இங்கிருந்து ஏத்தி விட்டுட்டா, அன்னிக்கு நம்ம மேகாவை யாருங்க பாத்துக்கிறது? நான் ஒரு வாரம் சேர்த்து வெச்சுத்தானே டிக்கெட் போடுறேன். ஒரு நாளுக்கே அப்படி. நீங்க மூணு மாசம் விட்டிருக்கீங்க."

ஹெலனிடம் ஓடி, உத்தரவைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். வரைபடத்தில் இந்தியப் பெருங்கடலைக் காட்டினார். என் கடிதம் ஒரு சின்ன மரக்கப்பலின் மேல் மொரீஷியஸை நெருங்கிக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணு எழுது" என்றார். எழுதினேன்: 'தயவுசெய்து யாரும் கிளம்ப வேண்டாம்.' அது போய்ச் சேருவது ஜூனில். புதுப் படையையாவது உடனே அனுப்பலாம் என்றால், லண்டனில் கப்பல் மே மாதம்தான் கிடைக்கும் என்றார்.

இதற்குப் பிறகு எனக்கு அங்கே வேலையே இல்லை. உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். ஏப்ரலில் கிரெக் என் உத்தரவைப் பிரித்தார், படித்தார், தலையைத் தூக்கி கராஜின் கோடியில் இருந்த என்னைப் பார்த்தார். பேசக் கூடாதே. ஒரு தாளில் எதையோ எழுதி ஒட்டி ஹெலனிடம் கொடுத்தார். மே மாதம் அவர் படை கப்பல் ஏறியது. ஜூனில் நீல் டாக்டர் தன் படையைத் தீவில் இறக்கினார். எதிர்க்க ஒருவரும் இல்லை. கிரெக் கைதி.

அப்போதுதான் என் இரண்டாவது கடிதம் துறைமுகத்துக்கு வந்தது. துறைமுகம் இப்போது நீல் டாக்டருடையது. அவரே பிரித்தார்.

"'தயவுசெய்து யாரும் கிளம்ப வேண்டாம்'" என்று எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். "நாங்க கிளம்புறதா இல்ல" என்று மரியாதையாகச் சொன்னார்.

ஜூலையில் கிரெக்கின் கடிதம் லண்டன் வந்தது. ஒரே ஒரு வார்த்தை. 'ஏன்?'

ஆகஸ்டில் என் புதுப் படை பிரெஞ்சுக் கொடியின் கீழ் போய் இறங்கியது. வீட்டுக்கு வந்ததும் என் மகள் மேகா கேட்டாள்: "அப்பா, யூ லாஸ்ட் அன் என்டயர் ஐலண்ட்?"

திங்கட்கிழமை கிரெக் என்னைக் கூப்பிட்டார். போகும்போதே இந்தியாவில் என்ன வேலை தேடலாம் என்று மனசுக்குள் பட்டியல் போட்டேன். அவர் என் கிரீன் கார்டு கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ரிக்குக்கு ஹெலிகாப்டர்தானே போகுது?"

"ஆமா, கிரெக்."

"பாய்மரக் கப்பல் வராத வரைக்கும் நீதான் நல்ல ஆள்" என்று தாளை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு கதவுவரை போனதும், "அடுத்த சனிக்கிழமை வித்யா ஃப்ரீயா?" என்றார்.

இப்போது யுத்த அலுவலகம் அவளுடையது. நான் வீட்டில் எலுமிச்சை சாதம் கிளறுகிறேன். கிரீன் கார்டுக்கு இன்னும் வரிசையில் நிற்கிறேன். அதைப் பற்றி யாரும் ஜோக் அடிப்பதில்லை. ஆனால் நான் பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஃபோனை எடுக்கப் போனால், உள்ளே இருந்து ஒரு குரல் வரும்: "மொரீஷியஸ்."

போன மாதம் பக்கத்து ஊரான பேர்லேண்ட் கோயிலில் பிரசாத வரிசையில் வித்யா வருவதற்குள் நான் இடத்தை விட்டு நகர்ந்துவிட்டேன். முப்பது பேர் முன்னால் புகுந்துவிட்டார்கள். அவள் வந்து வரிசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மொரீஷியஸ்" என்றாள்.

பின்னால் நின்ற அங்கிள் ஆர்வமாக, "மொரீஷியஸ் போறீங்களா, தம்பி?" என்று கேட்டார்.

"இல்ல அங்கிள்" என்றேன். "போயிடுச்சு."