நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பது எப்படி?

உலக வணிக வரலாற்றை எழுதப்போகிற எவரும் எங்கள் ‘சில்லறை விற்பனைத் திறன் மேம்பாட்டு மைய’த்தைத் தாண்டிப் போக முடியாது. திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகே, பரோட்டாக் கடை மாடியில் அது இயங்குகிறது. தாண்டிப் போனாலும் சால்னா வாசனை இழுத்து வந்துவிடும்.

அதன் முதல்வர் அடியேன் ராஜகோபாலன். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறேன். ஏறும்போதே இடம் பிடித்து உட்கார்ந்துவிடுவேன்.

ஜவுளிக் கடையில் புடவை எடுத்துப் போட முன்பெல்லாம் இரண்டு கை போதும். இப்போது சான்றிதழ் வேண்டும். அதற்காகப் புன்னகை (அடிப்படை), புன்னகை (உயர்நிலை), ஒன்றுமே வாங்காமல் போகிறவரை மனதுக்குள் மட்டும் திட்டுதல் ஆகிய பாடங்களை நடத்துகிறோம். ஆனால் எங்கள் கிரீடம் என்னவோ ‘நாற்காலி அருகாமை நிலைத்திறன்’ என்னும் தாள்தான்.

கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டதல்லவா? நம் முதலாளிகள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். உடனே நாற்காலி வாங்கினார்கள். சட்டத்தின் மேல் வைத்த மரியாதையால் அதன் பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. ஆனால் பாருங்கள், நாற்காலியைக் கண்டதும் சில பெண்களுக்கு உட்காரத் தோன்றிவிட்டது! இந்தப் பேராபத்திலிருந்து வணிகத்தைக் காப்பாற்றும் பொறுப்பு எங்களுக்கு வந்து சேர்ந்தது.

எங்கள் ஊருக்கு இந்தப் படிப்பு பொருத்தமும்கூட. பெருமாளுக்கு நின்ற கோலம், வீற்றிருந்த கோலம், கிடந்த கோலம் என்று மூன்று திருக்கோலங்கள். ஸ்ரீரங்கத்தில் எம்பெருமான் கிடந்த கோலத்தை எடுத்துக்கொண்டுவிட்டார். நின்ற கோலத்தை நாங்கள் மாணவிகளுக்குக் கொடுத்தோம். யாரும் சீந்தாமல் கிடந்த வீற்றிருந்த கோலத்தை நிர்வாகமே தன் தலையில் போட்டுக்கொண்டது.

இந்த வருஷ மாணவிகளில் பெலிண்டா என்று ஒரு பெண், பொன்மலை ரயில்வே குடியிருப்பிலிருந்து வந்தாள். தேறினால் ‘மங்களவிலாஸ் ஜவுளிக்கடல்’ என்ற கடையில் வேலை நிச்சயம். தேறாவிட்டால் துபாய் மாப்பிள்ளையோடு கல்யாணம் நிச்சயம். மாப்பிள்ளையை போட்டோவில் பார்த்திருக்கிறாள்; அதனால் வேலைதான் வேண்டும் என்றாள். பாவம், சிக்குன்குனியா வந்து போனதில் முழங்கால் இரண்டும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. முதல் வகுப்பிலேயே எழுந்து ஒரு சந்தேகம் கேட்டாள்.

“உட்காரக் கூடாதுன்னா, நாற்காலி எதுக்குங்க சார்?”

“சட்டத்துக்கும்மா.”

“சட்டம் எப்பங்க சார் வந்து உட்காரும்?”

கேள்வி பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்ததால் அடுத்த பாடத்துக்குப் போனேன்.

செய்முறைத் தேர்வு நாள் வந்தது. மங்களவிலாஸின் மனிதவள மேலாளர் மாலினி மேடம் தேர்வாளராக எழுந்தருளி, ‘வாடிக்கையாளராக’ மேஜைக்கு எதிரே அமர்ந்தார். பெலிண்டாவுக்குப் பின்னால் உறை பிரிக்காத நாற்காலி. காலையிலிருந்து சாயங்காலம் வரை புடவை காட்ட வேண்டும்; நாற்காலியில் படக் கூடாது. அவ்வளவுதான் தேர்வு.

மேடம் இதே பச்சையில் நீலம் இருக்கிறதா என்று கேட்டார். பெலிண்டா உயர்நிலைப் புன்னகையோடு தேடினாள். மத்தியானத்துக்கு மேல் அவள் முழங்கால் நடுங்கியது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மேடம் மதிப்பெண்ணைக் குறைத்தார். அவள் கண் ஒருமுறை பின்னால் போயிற்று.

“நாற்காலியைப் பார்க்காதம்மா, பார்த்தா ஆசை வந்துடும்” என்று என் இடத்திலிருந்தே எச்சரித்தேன்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போய், மின்விசிறி நின்றது. “இதுல முந்தானை வேற மாதிரி இருக்கும் மேடம்” என்று சொல்லிக்கொண்டே பெலிண்டா மயங்கிச் சாய்ந்தாள்.

வேறு எவளாக இருந்தாலும் நேரே பின்னால் நாற்காலியில்தான் விழுந்திருப்பாள். இவளோ அந்த நிலையிலும் இடது பக்கமாக ஒருக்களித்துத் தரையில் விழுந்தாள். மேடம் ஓடிப்போய்க் குனிந்து நாற்காலியைப் பரிசோதித்தார். பாலிதீனில் ஒரு சுருக்கம் இல்லை. நாங்கள் இருவரும் கை தட்டினோம்.

சத்தம் கேட்டுக் கீழேயிருந்து ஓடிவந்த பரோட்டா மாஸ்டர்தான் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தார். பெலிண்டா கண்ணைத் திறந்து என்னைத்தான் தேடினாள்.

“சார், நாற்காலி மேல படலையேங்க?”

“படலைம்மா” என்றேன். அவள் நிம்மதியாக மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

அவளைத் தூக்கி அந்த நாற்காலியில் உட்கார வைக்கும்படி மாஸ்டர் கோபமாகச் சொன்னார். படிக்காத மனிதர். வேலைக்குப் போகப்போகிற பெண்ணுக்கு இப்போது போய்ப் புதுப் பழக்கமா? திங்கட்கிழமையே வந்துவிடச் சொன்னார் மேடம். சிறப்புத் தகுதிச் சான்றிதழில் அங்கேயே கையெழுத்துப் போட்டேன்.

இந்த ஆண்டு மலரில் அவள் படத்தைப் போட்டு எழுதியிருக்கிறேன்: நின்ற கோலத்திலிருந்து நேராகக் கிடந்த கோலத்துக்குப் போனவள், நடுவில் உள்ளதை விரலால்கூடத் தொடாதவள். உண்மைதானே? நின்றதும் அவள், கிடந்ததும் அவள். தண்ணீர் தெளித்து அவள் கண் திறக்கும் வரை உட்கார்ந்தே இருந்தது நான்.