கறிவேப்பிலைத் தொட்டியும் காட்டு ஓட்டமும்

சேதுபதி சபதம் எடுத்தது சாதாரண இடத்தில் இல்லை. சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கும் மாமனார் வீட்டில், மொத்தக் குடும்பமும் சுற்றி உட்கார்ந்து மட்டன் பிரட்டலை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தபோது எடுத்தார். பாலிகிளினிக் டாக்டர், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று எச்சரித்த வாரம் அது.

“இனிமே ஞாயித்துக்கிழமை ஆனா மலைப்பூங்காவுல டிரெயில் ரன்னிங்! மேடு, பள்ளம், காடு, எதுவா இருந்தாலும் ஓடுவேன். ஒரு வாரம் தவறினாலும் சரி, ஜென்மத்துக்கும் மட்டனைத் தொடமாட்டேன்!”

இதைச் சொல்லும்போது கையில் நல்லி எலும்பு இருந்தது. மனைவி சங்கீதா மட்டும் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?” என்றாள்.

முதல் ஞாயிறு நிஜமாகவே போனார், பாவம். புக்கிட் மேராவில் அவர்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் அந்தக் குன்று. மஞ்சள் அம்புக்குறி போட்ட பாதை சின்னப் பிள்ளைகளுக்கானதாம். அதிலேயே முதல் ஏற்றத்தில் மூச்சு முட்டியது. அடுத்த திருப்பத்தில் மரவேர் தடுக்கிக் குப்புற விழுந்தார். எழுந்து பார்த்தால் எதிரே ஒரு காட்டுச்சேவல், கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது. அன்றைக்கு அவர் உண்மையிலேயே ஓடியது அந்தச் சேவல் துரத்திய தூரம் மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு ஓட்டச் சட்டையை மாட்டிக்கொண்டு நேராக டெக்கா சந்தைக்கு பஸ் ஏறிவிட்டார். அங்கே ஆட்டெலும்பு சூப், தொட்டுக்கொள்ள ரொட்டி. ஆஹா! ஆனால் வீட்டுக்கு ஆதாரம் வேண்டுமே? அதற்குத்தான் மனுஷன் மூளையைக் கசக்கினார். ஓட்டத்தைப் பதிவுசெய்கிற கைக்கடிகாரத்தைக் கீழ்மாடி ஜலாலுதீன் பாயிடம் கொடுத்துவிடுவார். பாய் வாரம் தவறாமல் மலை ஓடுகிறவர். திரும்பி வந்ததும் அடுக்குமாடியின் கீழே திறந்தவெளியாக இருக்கும் வாய்ட் டெக்கில் கடிகாரம் கைமாறும். சட்டையில் தண்ணீர் தெளித்தால் வியர்வை. சகதிக்கு எங்கே போவது? வீட்டு வாசல் நடைபாதையில் சங்கீதா ஆசையாக வளர்க்கும் கறிவேப்பிலைத் தொட்டி இருந்தது. ஒரு கைப்பிடி மண், கொஞ்சம் தண்ணீர், குழைத்து ஷூவில் அப்பினால் தீர்ந்தது. யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்ப்பாரே தவிர, செடியை ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

சங்கீதா போனில் ஓட்ட வரைபடத்தைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள்.

“என்னங்க, இந்த வாரம் சிவப்புப் பாதை முழுசும் ஓடியிருக்கீங்க! அந்தக் கடைசி ஏத்தத்துல நிக்கவே இல்லையே!”

“நின்னா கால் பிடிச்சுக்கும்.”

“அடேங்கப்பா! இந்த வேகம் வர என்ன கஷ்டப்பட்டிருக்கணும்!”

வரைபடம் உடனே குடும்ப வாட்ஸ்அப்புக்குப் போகும். மச்சான் கைதட்டுவார். மாமியார் கும்பிடு போடுவார். சேதுபதிக்கு நெஞ்சு நிமிரும், கூடவே வயிறும். போன வாரம் ரசத்தில் கறிவேப்பிலை இல்லை என்பதைக்கூட அவர் கவனித்தார். கேட்கத்தான் இல்லை. சாப்பாட்டில் குறை சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா?

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே சங்கீதா சொன்னாள்.

“நாளைக்கு நானும் வரேங்க.”

“எங்க?”

“மலைக்குத்தான்.”

சேதுபதி அவசரமாகக் குறுக்கிட்டார்.

“அங்கெல்லாம் நீ வரக்கூடாதும்மா. பாம்பு இருக்கு.”

“நீங்க இருக்கீங்கல்ல.”

“மழை வேற வரும்போல இருக்கு...”

“போன வாரம் மழையிலயே ஓடினீங்களே! ஷூவுல அப்படி ஒரு சகதி! அம்மாகிட்ட சொல்லிட்டேன், நாளைக்கு ரெண்டு பேரும் உச்சியில நின்னு போட்டோ அனுப்பணுமாம்.”

போச்சு! மட்டன் போச்சு, மானம் போச்சு! கறி இல்லாத தீபாவளி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. குப்பை கொட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி பாயிடம் ஓடினார்.

“பாய், காப்பாத்துங்க! சிவப்புப் பாதை எப்படிப் போகும்?”

“முதல் பிரிவுல இடது, சேது. அப்புறம் மூங்கில் பாலம். அதைத் தாண்டினா வேர் நிறைய, பாத்து காலை வைங்க.” ஜலாலுதீன் பாய் முட்டியைத் தடவியபடி வேறு பக்கம் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். சேதுபதி இருந்த பதற்றத்தில் அது எதுவும் அவர் மண்டையில் ஏறவில்லை. இடது, மூங்கில், வேர் என்று முணுமுணுத்துக்கொண்டே மாடி ஏறினார். குப்பைப் பை கையிலேயே இருந்தது.

விடிந்தது. குன்றின் அடிவாரத்தில் நின்றபோதும் இடது, மூங்கில், வேர் என்று முணுமுணுத்துக்கொண்டார். முதல் பிரிவு வந்தது.

“எந்தப் பக்கங்க?” என்றாள் சங்கீதா.

இடதா? வலதா? மண்டைக்குள் ஒன்றுமே இல்லை. “வலது” என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு ஓடினார். அந்தப் பாதை போய் முடிந்த இடம் ஆண்கள் கழிப்பறை.

“பரவாயில்ல, போயிட்டே வாங்க. காத்திருக்கேன்” என்றாள் அவள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

திரும்பி வந்தபிறகு அவளே முன்னால் போனாள். போனாள் என்றால் பறந்தாள்! வேரைப் பார்க்காமலே தாண்டினாள். சரிவில் பக்கவாட்டில் கால் வைத்து இறங்கினாள். எதிரே வந்த சீனப் பெரியவர் ஒருவர் கை அசைத்து, “மார்னிங் சிஸ்டர்! டுடே ஸ்லோ லா!” என்றார். சேதுபதிக்கு மூச்சு நின்றது, ஏற்றத்தால் மட்டும் இல்லை. வழியில் அதே காட்டுச்சேவல் நின்றது. சங்கீதாவைக் கண்டதும் மரியாதையாக ஒதுங்கியது. இவரைக் கண்டதும் கழுத்தைச் சிலிர்த்தது.

உச்சிக்கு வந்து பெஞ்சில் சரிந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவளே தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

“சங்கீதா... உன்னை எப்படி இங்க...”

“பாய்க்கு முட்டி வலி வந்து மாசக்கணக்கா ஆச்சுங்க. அவர் அடிவாரத்துக் கடையில உக்காந்து தே தாரிக் டீ குடிக்கிறாரு. அவர் சம்சாரம் ஹஸீனா அக்காவும் நானும்தான் ஓடுறோம். உங்க வாட்ச் என் கையிலதான் இருக்கும்.”

“அப்போ அந்தக் கடைசி ஏத்தம்?”

“நான்தான்.”

“நிக்காம ஓடினது?”

“நான்தான். பின்னே உங்களையா அப்படிப் புகழ்வேன்?”

சேதுபதிக்கு அழுகை வந்தது. வெட்கமும் வந்தது. “முதல்லயே தெரிஞ்சிருந்தா ஏன்டி கேக்கல?”

“கேட்டா நீங்க வீட்டுலயே இருப்பீங்க. டீ போடு, தோசை ஊத்துன்னு. நீங்க டெக்கா போனாத்தானே நான் இங்க வர முடியும்? புக்கிட் மேரான்னாலே மலாய்ல செங்குன்றுன்னு அர்த்தம். இங்க மண்ணு பூரா செவப்பு. உங்க ஷூவுல மட்டும் கறுப்பு மண்ணு! அன்னைக்கே தொட்டிய எட்டிப் பாத்தேன், பாதி காலி.”

நியாயம்தான். ஆனாலும் உயிர் போகிற கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. கையைப் பிசைந்தார்.

“அப்போ... மட்டன்?”

சங்கீதா அவர் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் இரக்கம் வந்தமாதிரி இருந்தது.

“ஜென்மம் பூரா வேண்டாம், பாவம். எடுத்த மண்ணைத் தொட்டியில திருப்பிப் போடுங்க. தினம் தண்ணி ஊத்துங்க. அந்தச் செடி மறுபடி துளிர் விடட்டும். அன்னைக்கே என் கையால பிரட்டல் பண்ணித் தரேன்.”

அடடா! இவளல்லவா மனைவி! சேதுபதி அப்படியே குளிர்ந்துபோனார். இருக்கிற களைப்பெல்லாம் பறந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், போட்டோவுக்குச் சிரிக்கக்கூடச் சிரித்தார்.

“கறிவேப்பிலைதானே! சட்டுனு துளிர்த்துடும்ல?”

போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப்புக்கு அனுப்பிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள் சங்கீதா.

“அது போன வாரமே பட்டுப்போச்சுங்க.”