சகலை வீட்டுக் கம்ப்யூட்டர்

"இந்த பட்ஜெட்டுக்கு இது தாராளமாப் போதும், சகலை!"

பல் டாக்டர் பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் 'போதும்' சூப்பர்வைசரின் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

மேஜைமேல் கம்ப்யூட்டர் பாகங்கள் பெட்டி பிரிக்காமல் இருந்தன. சூப்பர்வைசரின் மனைவி வீட்டிலிருந்தே கட்டட பிளான் வரைந்து கொடுக்கப் போகிறாள். முதல் ஆர்டர் முன்பணத்தோடு வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் முடித்தாக வேண்டும். புருஷனும் பெண்டாட்டியுமாகக் கடையில் உட்கார்ந்து பொறுக்கியெடுத்த பாகங்கள் அவை. இன்றைய வேலைக்கு ஏற்ற பிராசஸர், நாளைக்கு மெமரி கூட்டிக்கொள்ள போர்டில் காலி இடம், கைக்கு அடங்கிய விலை. காலை வரைக்கும் அவருக்கும் அதில் பரம திருப்தி.

இப்போது இல்லை. அக்கா புருஷன் பல் டாக்டர், தங்கை புருஷன் பெயின்ட் குடோன் சூப்பர்வைசர். கல்யாணமான நாளிலிருந்து இது அவரை அரித்துக்கொண்டே இருந்தது. மாமியார்கூட பெரிய மாப்பிள்ளை வீட்டில்தான் இருந்தார்.

பல் டாக்டரின் கார் தெருமுனை திரும்பியதும் சூப்பர்வைசர் பிராசஸர் பெட்டியைத் தூக்கினார்.

"எங்கங்க அதை எடுத்துட்டுப் போறீங்க?"

"மாத்தப் போறேன். இதைவிடப் பெருசா ஒண்ணு."

"நான் வீட்டு பிளான்தான் போடப்போறேன். ராக்கெட்டா விடப்போறேன்?"

"நாளைக்கே விடணும்னு தோணிச்சுன்னா?"

பெரிய பிராசஸர் வந்தது. போர்டில் உட்கார மாட்டேன் என்றது.

"இதுக்கு வேற போர்டு சார்" என்றார் கடைக்காரர்.

போர்டை மாற்றினார். பழைய மெமரி புது போர்டில் ஏறவில்லை. மெமரியை மாற்றினார். பிராசஸர் அடுப்பாய்க் கொதித்தது. அதைக் குளிர வைக்கப் பெரிய விசிறி வாங்கினார். விசிறியை மாட்டியபின் கேபினட் மூடவில்லை. கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் பழையதைப் பெரிய மனசோடு எடுத்துக்கொண்டார். வித்தியாசத் தொகையை அதைவிடப் பெரிய மனசோடு வாங்கிக்கொண்டார்.

"பழசையெல்லாம் கடையிலேயே குடுத்துட்டீங்களா?" என்று மனைவி ஒவ்வொரு தடவையும் கேட்டாள்.

"பின்னே? சகலை வந்து பார்த்தா மானம் போயிடாது?"

"சரி" என்பாள். ஒரு துணிப்பையை மடித்து எடுத்துக்கொண்டு, "அக்கா வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பிவிடுவாள்.

புது கேபினட் குளிர்சாதனப் பெட்டிக்குத் தம்பி மாதிரி வந்து இறங்கியது. அதன் விளக்குகளுக்கே பழைய பவர் சப்ளை பற்றாதாம். பவர் சப்ளையும் மாறியது. கையில் காசு தீர்ந்துபோகவே மானிட்டர், கீபோர்டு, டிஸ்க் எல்லாவற்றையும் கடையிலேயே திருப்பிக் கொடுத்துக் கணக்கை நேர் செய்தார்.

வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டார். கேபினட் ஏழு நிறத்தில் ஜொலித்தது.

"நல்லா இருக்குங்க. இதுல படம் எங்க தெரியும்?"

"அடுத்த மாசம் தெரியும்."

"என் ஆர்டர் இந்த மாசம்."

சூப்பர்வைசர் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சண்டை போடவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

மறுநாளிலிருந்து அவள் காலையில் அக்கா வீட்டுக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்பினாள்.

"அங்க அப்படி என்ன வேலை?"

"பிளான் போடறேன். அங்க ஒரு கம்ப்யூட்டர் இருக்கு."

"சகலை வீட்டிலயா? அவருக்கு எதுக்குக் கம்ப்யூட்டர்? பல்லைப் பிடுங்கவா?"

"இருக்கு. நல்லா ஓடுது. சத்தமே இல்லை."

"என்ன பிராசஸர்?"

"எனக்குப் போதுமான பிராசஸர்."

மறுபடியும் அந்தப் 'போதும்'. சூப்பர்வைசரின் காதில் புகை வந்தது. மறுநாள் குடோனில் வெள்ளை கேட்ட ஆஸ்பத்திரிக்குச் சிவப்பு பெயின்ட் அனுப்பிவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். சாயங்காலம் கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய கிராபிக்ஸ் கார்டைக் கடன் சொல்லி வாங்கி வந்து மாட்டினார். சுவிட்சைப் போட்டார். டப்பென்று ஒரு சத்தம். வீடு முழுக்க கரண்ட் போனது. பக்கத்து வீட்டுக்காரர்கூட வாசலுக்கு ஓடி வந்தார்.

அதற்குமேல் தாங்க முடியவில்லை. நேரே சகலை வீட்டுக்குப் போனார்.

பக்கவாட்டு அறையில் சாதுவாக ஒரு கறுப்புப் பெட்டி. விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. அவர் மனைவி மவுஸை அசைக்க, திரையில் ஒரு முழு வீடு சுழன்று நின்றது. "கடைசி பிளானும் அனுப்பியாச்சு!" என்று அவள் கைதட்டினாள். மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் சிரித்தார். தன் வீட்டில் பார்க்க வேண்டிய சந்தோஷத்தைச் சகலை வீட்டில் நின்று பார்க்கையில் சூப்பர்வைசருக்கு அழுகையாக வந்தது.

சத்தம் கேட்டுப் பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். "வாங்க சகலை!"

"சகலை, ஒண்ணு கேக்கறேன். இல்லைன்னு சொல்லக்கூடாது. இந்தக் கம்ப்யூட்டரை எனக்குக் குடுத்துடுங்க. என்னோடதை நீங்க எடுத்துக்கங்க. இதைப்போல மூணு மடங்கு பெருசு."

"அது... சகலை..."

"லைட்டெல்லாம் எரியும் சகலை! நீங்க ஜெயிச்சுட்டீங்க. நான் ஒத்துக்கறேன்."

"நான் எதுல ஜெயிச்சேன்?" என்று விழித்த பல் டாக்டர் கொழுந்தியாளைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

மாமியார்தான் மடித்த துணியைக் கீழே வைத்தார்.

"அவர்கிட்ட எதுக்கு மாப்பிள்ளை கெஞ்சறீங்க? நீங்க கடையில திருப்பிக் குடுக்கக் குடுக்க, என் சின்னவ பின்னாலயே போய் ஒவ்வொண்ணா வாங்கிட்டு வந்து இங்க மாட்டிட்டா. இது உங்க கம்ப்யூட்டர்தான்!"