சைனாக்கடை விலக்கிய திரை

1998 நவம்பர் 11, புதன்கிழமை, பிற்பகல் நாலு இருபது. இத்தாலியின் பலெர்மோவில் நல்ல மழை. சீன மொழியில் ஒரு சொல்லும் தெரியாமல் சீனப் பேட்டி நிகழ்ச்சி பார்த்து, சரியான இடத்தில் அழத் தெரிந்த ஒரே யாழ்ப்பாணத்தவர் அன்று என்னோடு பஸ்ஸில் நின்றார்.

பல்லரோச் சந்தைக்கருகே ஒரு சீனரின் உடுப்புக் கடையில் பொதி சுமந்ததால் அவரை எல்லோரும் 'சைனாக்கடை' என்றே கூப்பிட்டோம். முதலாளி கடையில் போடும் வீடியோ கசெட்டுகளில் நடிகர்களும் பாடகர்களும் வந்து கதைப்பார்கள். அங்கிருந்த பதினொரு கசெட்டையும் சைனாக்கடை பார்த்து முடித்திருந்தார்.

"அண்ணை, ஆரும் புகழ்ந்தால் உடனை மறுக்கோணும். தலையைக் குனிஞ்சு, 'நான் ஒண்டுக்கும் உதவாதவன்' எண்டு சொல்லோணும். அதுதான் அங்கை மரியாதை."

"பாஷை விளங்காமல் உமக்கு எப்பிடித் தெரியும்?"

"முகத்தைப் பாத்தால் தெரியாதே?"

நாங்கள் போனது நகரின் கால்சாப் பகுதிக்கு. ஆறு வருடமாக நான் பராமரித்துவந்த எண்பத்தெட்டு வயது இத்தாலிய அம்மா, எங்களுக்குச் 'சின்யோரா', அவருடைய வீடு அங்கே. என் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட அவருடைய மகன் வந்திருந்தார். அது இல்லாவிட்டால் நாட்டில் இருப்பதற்கான பெர்மெஸ்ஸோ கிடையாது. மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூப்பிடவும் முடியாது. துணைக்குத்தான் சைனாக்கடை வந்தார்.

மகன் பேனையைத் திறந்தார். "உன்னைப் போலை நல்ல வேலையாள் கிடைக்கமாட்டான்" என்றார்.

நான் தலையைக் குனிந்தேன். "இல்லை ஐயா, நான் ஒண்டுக்கும் உதவாதவன். வேலையும் வடிவாத் தெரியாது."

அவர் என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பேனையை மூடினார்.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே."

"ஐயோ அண்ணை, பாதியைத்தான் சொன்னனான்! மிச்சம் திரைக்குப் பின்னாலை!" என்று என் காதுக்குள் கத்திவிட்டு, சைனாக்கடை படுக்கையறைப் பக்கம் பாய்ந்தார். அந்த நிகழ்ச்சியில் விருந்தினர் புகழை மறுத்ததும், திரை விலகி அவருடைய தாயோ வாத்தியாரோ வந்து உண்மையைச் சொல்வார்களாம். படுக்கையறைத் திரையை விலக்கிச் சின்யோராவைச் சக்கர நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்தார். தானே கையும் தட்டினார்.

நடந்ததைக் கேட்ட கிழவி மகன் பக்கம் திரும்பினார்.

"இவன் உதவாதவனோ? என்ரை மருந்துக் குளிசையை நாலு தரம் எண்ணுறவன். கட்டிலிலை இருந்து குளியலறைக்குப் பதினாறு அடி எண்டு எண்ணி வைச்சிருக்கிறவன். நீ இந்த வருஷம் என்னைப் பாக்க எத்தினை தரம் வந்தனி?"

மகன் விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினார்.

"அஞ்சு" என்றேன் நான், வாய் தவறி.

அவர் கையெழுத்திட்டார். பிறகு தாயின் கையைப் பிடித்து முத்தமிட்டார். அந்த இடத்தில் சைனாக்கடை அழுதார்.

அடுத்த வருடம் மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். "இவராலைதான் வந்தனீங்கள்" என்று அவரைக் காட்டினேன்.

"இல்லை அக்கா, நான் ஒண்டுக்கும் உதவாதவன்" என்று தலையைக் குனிந்தார். என் மனைவி அதை அப்படியே நம்பிவிட்டாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். அவருக்காகத் திரையை விலக்க வேறு ஆள் இல்லை.

அந்தக் கையெழுத்துக்கு எனக்கு ஆன செலவு இரண்டு பஸ் சீட்டு. தன்னுடைய சீட்டுக்கு நான் காசு கொடுப்பதைச் சைனாக்கடை மூன்று தரம் மறுத்து, நாலாம் தரம் விட்டார். மொத்தம் மூவாயிரம் லீரா.