துறைமுக ஊரில் நான் வழிகாட்டியான விவரம்

அன்பும் மரியாதையும் கலந்த என் மாப்பிள்ளை அவர்களுக்கு,

நான் இங்கு நலம், குதிகாலில் உள்ள கொப்புளம் நீங்கலாக. அது வந்த வரலாறு கீழே இருக்கிறது. அங்கு நீங்களும் என் தங்கையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்க வேண்டாம். அடுப்பை அணைத்துவிட்டு, தங்கையையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நிதானமாகப் படிக்கவும்.

நீங்கள் என்னை ரயிலேற்றிவிடும்போது சொன்ன வார்த்தைகளை நான் மறக்கவில்லை. "பெரிய ஊரு மச்சான். கண்ட கண்ட கப்பல்காரனும் வந்து போற இடம். நம்ம பொண்ணு ஆபீஸ் வேலைய விட்டுட்டு வரட்டும், இங்கயே நல்ல வேலை பேசி வச்சிருக்கேன். நீங்க சொன்னா மட்டுந்தான் கேப்பா" என்றீர்கள். அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் நம் வாலு என்னை ரயிலடியிலிருந்து அழைத்துப்போய்ச் சாப்பாடு போட்டு, கடல் தெரிகிற ஜன்னல் பக்கம் படுக்கவைத்து, "நாளைக்கு எனக்கு டியூட்டி மாமா. சாயங்காலம் துறைமுக வாசலுக்கு வாங்க, நான் என்ன வேலை பாக்கறேன்னு காட்டறேன். அதுக்கப்புறம் நீங்க என்ன சொல்ல வந்தீங்களோ சொல்லுங்க" என்று என் வாயை அடைத்துவிட்டாள். நான் எதுவும் சொல்லாமலே நான் எதற்கு வந்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் மகளல்லவா.

மறுநாள் காலையில் அவள் போனபின் வீட்டில் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. துறைமுக வாசலுக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் போய் நின்று, சாலையைக் கடக்க முடியாமல், வண்டிகளை நிறுத்துவதற்காகக் குடையைத் தலைக்கு மேல் உயர்த்தினேன். வண்டி ஒன்றும் நிற்கவில்லை. ஆனால் சுற்றிலும் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு கூட்டம் வந்து நின்றது. பெரிய உல்லாசக் கப்பலில் வந்திறங்கியவர்கள், எல்லாரும் நம் மொழி பேசுகிறவர்கள். ஒருவர் "ஆரம்பிக்கலாமா சார்?" என்றார். சாலையைக் கடப்பதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து "ஆரம்பிக்கலாம்" என்றேன். கடந்தோம். நான் இடதுபக்கம் திரும்பினேன், அவர்களும் திரும்பினார்கள். வேகமாக நடந்தேன், அவர்களும் வேகமாக நடந்தார்கள். பின்னாலிருந்து ஓர் அம்மாள் "கொஞ்சம் மெதுவா போங்க சார், எனக்கு முட்டி வலி" என்று கத்தியபோதுதான், குடையை உயர்த்தியதால் என்னைத் தங்கள் வழிகாட்டி என்று நினைத்துவிட்டார்கள் என்பது எனக்கு உறைத்தது.

"அம்மா, நான் வழிகாட்டி இல்லை" என்று உண்மையைச் சொன்னேன். "பாத்தீங்களா, என்ன அடக்கம்!" என்று அந்த அம்மாள் மற்றவர்களிடம் சொன்னார். பணிக்காலம் முழுவதும் ரயில் நிலைய ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்த குரல் அல்லவா எனக்கு, நான் என்ன சொன்னாலும் அது அதிகாரபூர்வமாகத்தான் கேட்டுத் தொலைக்கிறது. "இது என்ன கட்டடம்?" என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்லி என் வாய்க்குப் பழக்கமில்லை, தாமதம் என்று சொல்லித்தான் பழக்கம். "விவரம் சற்று நேரத்தில் அறிவிக்கப்படும்" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

நல்லவேளையாக இந்த ஊரில் விவரத்தைக் கேட்டுப்பெற வேண்டியதில்லை, நின்றால் போதும், தானாக வந்து விழுகிறது. ஒரு கயிற்றுக்கடை வாசலில் மூச்சு வாங்க நின்றோம். கடைக்கார அம்மாள் கல்லாவை விட்டு இறங்கிவந்து, "இந்த ஊர உண்டாக்கினதே எங்க ஆளுங்கதான். முன்னாடி இங்க சேத்துமேடும் கொசுவும்தான். எங்க முன்னோர் போற வழியில புயல் அடிச்சுக் கப்பல் தரை தட்டி நின்னுபோச்சு. கப்பலப் பிரிச்சு அந்தப் பலகையில வீடு கட்டினாங்க" என்றார். எதிர்ச்சாரியில் சவரம் செய்துகொண்டிருந்தவர் கத்தியோடு வெளியே வந்துவிட்டார், பாதி முகத்தில் நுரையோடு அவருடைய வாடிக்கையாளரும் கூடவே வந்தார். "அவங்க தட்டி நின்னப்ப கரையில இருந்து கயிறு வீசினது யாராம்? நாங்கதானே! உப்பு ஏத்த வந்தவங்க, அதுக்கு முன்னாடியே இங்க இருந்தோம்" என்றார் சவரக்காரர். நுரை முகத்துக்காரர், "உங்களுக்கு உப்பு வித்ததே எங்க ஆளுங்க" என்றார். ஒரே தெருவுக்குள் ஊரின் வயது மூன்று முறை மாறிவிட்டது. நான் குடையை உயர்த்தி, "கவனிக்கவும். இந்த ஊரில் முதலில் வந்தவர் என்று யாரும் கிடையாது. எல்லாரும், நேற்று வந்தவருக்கு முந்தின நாள் வந்தவர்கள்" என்று அறிவித்தேன். கைதட்டினார்கள், மாப்பிள்ளை. சவரக்காரரும் கத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார்.

அதற்குப்பின் எனக்கே ஆசை பிடித்துக்கொண்டது. என்ன ஊர் இது! காய்கறிச் சந்தைக்கு நடுவில் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. சுற்றிலும் கத்தரிக்காய், கடலைக் கண்ணால் காணோம். கேட்டால், ஒரு காலத்தில் அலை அதன் காலில்தான் அடித்ததாம். இடம் போதவில்லை என்று மண்ணைக் கொட்டிக் கொட்டிக் கடலையே தள்ளிவிட்டிருக்கிறார்கள். அடுத்த தெருவில் வீடுகளெல்லாம் செங்கல். பழைய மரவீடுகள் ஒரு பெருந்தீயில் அடியோடு போய்விட, இனி மரத்தில் கட்டுவதில்லை என்று தச்சர்களே முன்னின்று தீர்மானம் போட்டார்களாம். தங்கள் பிழைப்பில் தாங்களே மண் போட்டுக்கொண்ட அந்த மனிதர்களை நினைத்து நான் தொப்பியைக் கழற்றினேன். அந்த மஞ்சள் தொப்பி எப்போது என் தலைக்கு வந்தது என்று தெரியவில்லை. ஒரு சந்தில் நான்கு வழிபாட்டுக் கூடங்கள், ஒன்றின் சுவரில் மற்றொன்று சாய்ந்துகொண்டு நிற்கின்றன. யுத்தத்தில் குண்டு விழுந்த ராத்திரி நான்கும் கதவைத் திறந்துவைத்தன என்றும், யார் எதற்குள் ஓடினார்கள் என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை என்றும் அங்கே பூட்டுப் பழுதுபார்க்கிறவர் சொன்னார். முட்டிவலி அம்மாள் அந்த வாசற்படியில் உட்கார்ந்து நான்கு கதவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் குடையை இறக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் கப்பலின் சங்கு ஊதியது. எல்லாருக்கும் முகம் வெளுத்துவிட்டது. "ஓதம் இறங்கிக் கடல் தண்ணி வத்துறதுக்குள்ள கப்பல் கிளம்பிடும்னு சொன்னாங்களே சார், எந்தப் பக்கம் போகணும்?" என்றார்கள். எனக்கு எந்தப் பக்கமும் தெரியவில்லை. எதிரே வந்த டவுன் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன். டிரைவர் திட்ட வாயெடுத்தவர், விஷயத்தைக் கேட்டதும் உள்ளே திரும்பி, "இவங்கள துறைமுகத்துல விட்டுட்டு அப்புறம் நம்ம ரூட்டு. யாருக்காவது அவசரமா?" என்றார். "எங்களுக்கு அடுத்த பஸ் இருக்கு, அவங்களுக்கு அடுத்த கப்பல் ஏது? ஏத்துய்யா!" என்றது ஒரு மீன்கூடை. எத்தனை மொழியில் வழி சொன்னார்கள் என்கிறீர்கள்! ஆளுக்கொரு குறுக்குச்சந்தைக் காட்டினார்கள், டிரைவர் யார் பேச்சையும் கேட்காமல் நேராகப் போனார், போய்ச் சேர்ந்துவிட்டோம்.

கப்பலின் ஏணிப்படிக்கு அடியில், ஆரஞ்சு நிறச் சட்டையும் பெரிய பூட்ஸுமாக, வாக்கிடாக்கியில் யாரையோ காய்ச்சிக்கொண்டு ஒருத்தி நின்றாள். "யாரோ ஒரு போலி வழிகாட்டியாம் சார், இவங்கள காலையிலேயே ஓட்டிட்டுப் போயிட்டானாம். ஆள் கிடைக்கட்டும், அப்புறம் இருக்கு!" என்றபடி திரும்பினாள். நம் வாலு. "மாமா, நீங்களா?" என்றாள்.

மாப்பிள்ளை, இப்போது தண்ணீர் குடித்துக்கொள்ளவும். உங்கள் மகள் பார்ப்பது ஆபீஸ் வேலை இல்லை. வெளியூர்க் கப்பல்காரர்களுக்கு இங்குள்ள மணல்திட்டும் நீரோட்டமும் தெரியாது. அதனால் உள்ளூர் பைலட் ஒருவர் கப்பலில் ஏறி, கேப்டன் பக்கத்தில் நின்று வழி சொல்லித் துறைமுகத்துக்கு வெளியே கொண்டுபோய் விடவேண்டும். அந்த பைலட் இவள்தான். மேலதிகாரியிடம் கேட்டு என்னை பைலட் படகில் ஏற்றிவிட்டு, அவள் கப்பலுக்குள் போய்விட்டாள். நாங்கள் பின்னாலேயே போனோம். மலை மாதிரி அந்தக் கப்பல் குறுகலான கால்வாயில், ஒரு சுவரையும் உரசாமல், கல்யாணப் பெண் மாதிரி அடக்கமாகத் திரும்பியது. துறைமுக வாயைத் தாண்டியதும் கப்பலின் பக்கவாட்டில் ஒரு கயிற்றேணி இறங்கியது. கப்பல் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருக்கிறது. அதில் உங்கள் மகள் இறங்குகிறாள். கீழே அலை, படகு ஏறி ஏறி இறங்குகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். "கண்ண மூடாதீங்க பெரியவரே," என்றார் படகோட்டி. "நீங்க மூடினா அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, உங்களுக்குத்தான் வாந்தி வரும்." திறந்தேன். படகு மேலே எழும்பிய அந்த ஒரு கணத்தில், பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி என் பக்கத்தில் வந்து இறங்கினாள். கப்பலின் மேல்தட்டு முழுக்க மஞ்சள் தொப்பிகள் கையசைத்தன.

திரும்பும் வழியில் ஊர் முழுவதும் எதிரே விளக்குப் போட்டுக்கொண்டு நின்றது. நீங்கள் சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை. "ஏம்மா, உனக்குப் பயமா இல்லையா?" என்று மட்டும் கேட்டேன். முகத்து உப்பைத் துடைத்துக்கொண்டு, "ஏறி இறங்கறதுக்கு இல்ல மாமா. அப்பாகிட்ட சொல்றதுக்குத்தான்" என்றாள்.

ஆகவே அவளுக்குப் பதிலாக உங்களிடம் நான் சொல்லிவிட்டேன். பேசி வைத்த வேலையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லவும். வெள்ளிக்கிழமை ரயிலில் புறப்பட்டு மற்ற விவரங்களை நேரில் சொல்கிறேன். என் தங்கை அழுதால், அது பெருமையில் வந்த அழுகை என்று அவளுக்கு எடுத்துச் சொல்லவும். நீங்கள் அழுதால் நான் யாரிடமும் சொல்லமாட்டேன். இருவருக்கும் எல்லா நலமும் கூட என் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் நிஜ வழிகாட்டிப் பெண்மணி சண்டைக்கு வந்துவிட்டார். கால்மணி நேரம் திட்டிவிட்டு, அந்த மஞ்சள் தொப்பிக்காரர்கள் இப்படி ஒரு ஊரைப் பார்த்ததே இல்லை என்று கப்பலிலிருந்து செய்தி அனுப்பியிருப்பதாகவும், வாரத்தில் சில நாள் நான் வரமுடியுமா என்றும் கேட்டார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எனவே வெள்ளிக்கிழமை ரயிலடிக்கு யாரும் வரவேண்டாம். மகளைக் கூட்டிவர அனுப்பிய ஆளைக் கூட்டிப்போக நீங்கள்தான் இனி ஆள் அனுப்பவேண்டும். வேறு யாரையும் நம்பாதீர்கள், தங்கையையும் அழைத்துக்கொண்டு நீங்களே வாருங்கள்.