மீட்டர் டாக்டர் ஒத்துக்கொண்ட பிழை

பினாங்குத் தீவில் மின்சாரத்தைக் கண்டு பயப்படாதவர்கள் இருக்கலாம். மீட்டர் டாக்டரைக் கண்டு பயப்படாதவர் ஒருவரும் கிடையாது.

எங்கள் அடுக்குமாடியில் ஆறாவது மாடி அவருக்கு. யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பத்துப் பெண்மணி, வயது அறுபதை நெருங்கும், பல்கலைக்கழகத்தில் எரிசக்திப் பொருளாதாரப் பேராசிரியர். மின்சாரத்துக்கு என்ன விலை வைத்தால் நாடும் பிழைக்கும், பூமியும் சூடாகாது என்று அரசாங்கத்துக்கே சொல்லிக்கொடுப்பவர். ‘டாக்டர்’ என்ற பட்டத்தை நம்பி இருமலோடு போன கீழ்வீட்டுக்காரருக்கு, நிலக்கரி ஏன் மலிவாகத் தெரிகிறது என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். மனிதர் இருமலையே மறந்துவிட்டார். வைத்தியம் பலித்ததென்றுதான் நாங்கள் நம்பினோம்.

யார் வீட்டுக்கு வந்தாலும் செருப்பைக் கழற்றுமுன் வாசலில் இருக்கும் மீட்டரைப் பார்ப்பார். பெயர் வந்தது அப்படித்தான். எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்தபோது என் மனைவி சரோஜா தேநீரோடு நிற்க, அவர் மீட்டரோடு நின்றார்.

“தம்பி, உங்கட பிரிட்ஜ் கதவு சரியா மூடுறதில்லை.”

“நீங்க இன்னும் உள்ளயே வரலையே டாக்டர்!”

நேரே சமையலறைக்குப் போனார். நான் வேலை பார்க்கும் வாரப் பத்திரிகையில் ஒரு தாளைக் கிழித்து, கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்தார். தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பர் தேய்ந்து போயிருந்தது. கிழிந்தது என் கட்டுரை வந்த பக்கம்.

“இத்தனை வருசத்துல உங்க எழுத்து இன்னிக்குத்தான் உபயோகப்பட்டிருக்கு” என்றாள் சரோஜா.

தைப்பூசத்தன்று நடந்தது இதைவிடப் பெரிய கூத்து. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தல். அங்கிருந்த ஜெனரேட்டர் எவ்வளவு டீசல் குடிக்கிறது என்று விசாரிக்கப் போனவரை, பக்திப் பாட்டுப் பாட வந்த அம்மா என்று நினைத்து யாரோ கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். மைக் கிடைத்தால் பேராசிரியர் விடுவாரா?

“புகை விடுறவன் அதுக்கு விலை குடுக்க வேணும்!”

“வேல்! வேல்!” என்றது கூட்டம்.

“இண்டைக்கு நாங்கள் குடுக்காட்டி, நாளைக்கு எங்கட பிள்ளையள் குடுப்பினம்!”

“வெற்றி வேல்!”

பத்து நிமிடம் இப்படியே போனது. இறங்கி வரும்போது அவர் முகத்தில் அப்படியொரு பிரகாசம். “எத்தனையோ மாநாட்டில பேசியிருக்கிறன் தம்பி. இப்பிடி ஒரு ஆதரவு எனக்குக் கிடைச்சதே இல்லை.”

சிரித்தாயிற்றா? இனி வருவதை யாருக்குச் சொன்னாலும் நான் எழுந்து நின்றுதான் சொல்வது வழக்கம்.

மின்கட்டணச் சலுகையை யாருக்குத் தொடர்வது, யாருக்கு நிறுத்துவது என்று ஆலோசனை சொல்ல அரசாங்கத்தில் ஒரு குழு போட்டிருந்தார்கள். அறிக்கை எழுதியவர் டாக்டர். இரண்டு வருட உழைப்பு. சாரம் இவ்வளவுதான்: அதிகமாக மின்சாரம் செலவழிக்கும் வீடு வசதியான வீடு, அதற்குச் சலுகை வேண்டாம்.

அறிக்கையை அரங்கேற்ற மூன்று நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம் எங்கள் கட்டடத்தில் கரண்ட் போயிற்று. லிஃப்ட் ஓடினாலும் டாக்டர் அதில் ஏறுகிறவரில்லை. குடையை ஊன்றிப் படியேறி வந்தவர், நாலாம் மாடியில் லெட்சுமி அக்காவின் அலறலைக் கேட்டார். நானும் ஓடினேன். அக்காவின் கணவர் ராமசாமி அண்ணனுக்கு நுரையீரல் கெட்டுப்போய், ஒரு வருடமாக ஆக்சிஜன் மெஷின்தான் மூச்சு. அது நின்றுவிட்டிருந்தது. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரும் காலி.

டாக்டர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறியதை அன்றுதான் பார்த்தேன். அவர் வீட்டுப் பால்கனியில் ஒரு சூரியத் தகடும், அதோடு இணைத்த பெரிய பேட்டரியும் உண்டு. நாங்கள் கேலி செய்யாத நாளே கிடையாது. அந்தப் பேட்டரியை அவரும் நானுமாகத் தூக்கி இறக்கிக்கொண்டு வந்து, வயரைச் செருகினோம். மெஷின் ஓடத் தொடங்கியது. அண்ணனின் உதட்டு நீலம் மெல்ல மெல்லக் கலைந்தது.

கரண்ட் வரும்வரை டாக்டர் அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தார். சமையலறையில் பிரிட்ஜின் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே மடித்த துணிகள்.

“இதென்ன லெட்சுமி?”

“மெஷினு ராப்பகலா ஓடுதுங்க டாக்டர். பில்லு ஏறிப்போச்சு. அதான் பிரிட்ஜு சுவிட்ச அடச்சிட்டோம். ஃபேனும் ஒண்ணுதான் போடுறது. என்னா செய்றது, மனுசன் மூச்சு விடணும்லா.”

டாக்டர் அந்த மாதத்து பில்லைக் கேட்டு வாங்கினார். அதை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி, என்ர கணக்கில இது பணக்கார வீடு.”

மூன்றாம் நாள், ஹோட்டல் மண்டபத்தில் கூட்டம். பத்திரிகைக்காரன் என்ற சாக்கில் நானும் பின்வரிசையில் இருந்தேன். மேடையில் பெரிய பெரிய ஆட்கள். டாக்டரைப் புகழ்ந்து முடித்துப் பேச அழைத்தார்கள். அவர் மலாய் மொழியில் நிதானமாகச் சொன்னார்: “இந்த அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது. அதைச் செய்தது நான்.”

ராமசாமி அண்ணன் வீட்டு விஷயத்தைச் சொன்னார். தலைவர் சிரித்துச் சமாளித்தார். “ஒரு வீடுதானே டாக்டர், பரவாயில்லைலா. அறிக்கை அச்சாகிவிட்டது.”

முன்வரிசை அதிகாரி ஒருவர் எழுந்தார். “இப்படி எத்தனை வீடுகள் இருக்கும்?”

“எனக்குத் தெரியாது” என்றார் டாக்டர். “அதுதான் பிழை.”

படித்தவர்களை இருபது வருடமாகப் பேட்டி எடுக்கிறேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு ‘தெரியாது’ என்று சொன்ன ஒருவரை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. எனக்குப் பக்கத்திலிருந்தவர், “இத்தோட இவங்க பேரு போச்சு” என்று முணுமுணுத்தார்.

கெஞ்சி இரண்டு மாத அவகாசம் வாங்கினார் டாக்டர். குடையும் நோட்டுமாக பாகான் டாலாமிலிருந்து சிம்பாங் அம்பாட் வரை வீடு வீடாக ஏறி இறங்கினார். சில சனிக்கிழமைகளில் நானும் கூடப் போனேன். கதவைத் தட்டி, “உங்கட வீட்டில ஆரும் மெஷினில இருக்கினமோ?” என்று கேட்பார். “தண்ணி ஃபில்டர்லாம் வேணாம்லா அக்கா!” என்று பதில் வந்து கதவு சாத்தும். அவர் அசராமல் மறுபடி தட்டுவார். ஆக்சிஜன் வீடுகள், வீட்டிலேயே சிறுநீரக மெஷின் ஓடுகிற வீடுகள், ஒரே மீட்டரில் மூன்று குடும்பம் அடைந்து கிடக்கும் வீடுகள் என்று நோட்டு நிறைந்தது. இரண்டு முறை நாய் துரத்தியது. அதில் ஒரு முறை குடையைப் பறிகொடுத்தது நான்.

புதிய அறிக்கையில் அந்த வீடுகளுக்கென்று தனிப் பகுதி வந்தது. மேலிடம் பாதியை ஏற்றுக்கொண்டது. மீதிப் பாதிக்கு டாக்டர் இன்னும் கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறார். லெட்சுமி அக்காவின் பிரிட்ஜில் இப்போது மீன் இருக்கிறது.

போன மாதம் பாங்காக்கில் ஒரு பல்கலைக்கழகம் அவரை இரண்டு வருடத்துக்கு அழைத்துக்கொண்டது. விமானம் புகை கக்குமாம், ரயிலில்தான் போவேன் என்றார். பட்டர்வொர்த் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப எங்கள் மாடிகளிலிருந்து பாதிப் பேர் ஃபெரி ஏறி வந்தோம். அண்ணனைப் பக்கத்து வீட்டாரிடம் விட்டுவிட்டு லெட்சுமி அக்காவும் வந்திருந்தார், கையில் புளிச்சோற்றுப் பொட்டலம். டாக்டர் எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கினார். லெட்சுமி அக்கா பொட்டலத்தை அவர் பையில் வைத்தார்.

ரயில் கிளம்பிற்று. வளைவில் மறைந்தும் ஒருவரும் நகரவில்லை. ஐந்து நிமிடம்கூட ஆகியிராது, லெட்சுமி அக்கா என் பக்கம் திரும்பினார்.

“இந்நேரம் சாப்பிட்டிருப்பாங்களா தம்பி?”

“சாப்பிட்டிருப்பாங்கக்கா” என்றேன்.